நான்கு பக்க மாநிலம்

எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டோம். "நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்றுதான் கேட்போம். பெயரை வைத்துக்கொண்டு ஒருவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? இன்னார் மகள், இன்னார் மருமகள், பேக்கரிக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றால் விஷயம் முடிந்தது. அதற்குமேல் காபியா, பியரா என்பதுதான் பாக்கி.

கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய மறு வருடம், ஜூன் மாதம், வீப்கே ஹான்சன் என்ற பெண் பெட்டியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள். நான் வழக்கம்போல் அதைத்தான் கேட்டேன்.

"யாரு வீட்டுப் பொண்ணும் இல்ல மேடம். மாடி ரூம் வாடகைக்குன்னு போட்டிருந்தீங்களே, அதுக்கு வந்திருக்கேன். ஹாம்பர்க்லேர்ந்து" என்றாள்.

யார் வீட்டுப் பெண்ணும் இல்லையாம். எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தி அதை இவ்வளவு சாதாரணமாக, ரயில் தாமதம் என்று சொல்வதுபோல் சொல்லி நான் கேட்டதில்லை. மேடம் என்று வேறு கூப்பிட்டு என் ஆயுளில் பத்து வருடத்தைக் குறைத்துவிட்டாள். அக்கா என்று கூப்பிடச் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போது மற்றது தெரிந்தது. ஜெர்மனி முழுவதற்கும் ஒரு பயண வழிகாட்டிப் புத்தகம் தயாராகிறதாம். மாநிலத்துக்கு ஓர் அத்தியாயம். பவேரியாவுக்கு எழுபது பக்கம். எங்கள் ஸார்லாண்டுக்கு நான்கு. அந்த நான்கை எழுதத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள்.

"நாலா?" என்றார் என் கணவர் எர்வின். அவர் இரும்பாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், எதற்கும் சட்டென்று அசர மாட்டார்.

"அதுவும் நிச்சயமில்ல. தனி அத்தியாயம் எதுக்கு, பால்ட்ஸோட சேத்துடலாமேன்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்கு" என்றாள் வீப்கே.

எர்வினுக்குப் புரையேறியது. பால்ட்ஸ்காரர்கள் எங்கள் பக்கத்து மாநிலத்துக்காரர்கள். நடுவில் மலையும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் பால்ட்ஸ்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்றால், பிள்ளைக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்பதுபோல் அக்கம்பக்கத்தார் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள்.

"சேத்துக்குங்க. நல்லா சேத்துக்குங்க" என்றார் எர்வின் இருமலுக்கு நடுவே. "அப்படியே எங்க எல்லாரையும் ஆத்துல தள்ளி விட்டுடுங்க."

"ஏங்க, வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். ஆனால் என் வயிறும் எரிந்தது. உலகத்தில் எங்கே காடு பற்றி எரிந்தாலும், எங்கே பனிப்பாறை உடைந்தாலும், தொலைக்காட்சியில் 'ஸார்லாண்டைப் போல் இரண்டு மடங்கு' என்பார்கள். எங்களை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அளவுகோலைச் சுற்றிப் பார்க்க யார் பெட்டி கட்டிக்கொண்டு வருவார்கள்? இவளையாவது ஒழுங்காக எழுத வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, மறுநாள் நானே காரை எடுத்தேன்.

முதலில் ஸார் ஆற்றின் பெரிய வளைவுக்கு அழைத்துப் போனேன். மலை மேலிருந்து பார்த்தால் ஆறு கீழே காட்டைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகும். பார்க்கிறவர்கள் வாயடைத்து நிற்பார்கள். வீப்கேயும் நின்றாள். ஆனால் அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த இரண்டு கிழவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த ஊர்ல பேண்டு வாத்தியம் இருக்கா? சுரங்கத் தொழிலாளிங்க வாசிக்கிற பேண்டு?"

"இங்க சுரங்கமே இல்லடி. ஆத்தைப் பாரு."

பார்த்தாள். ரயில் அட்டவணையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, படம்கூட எடுக்காமல் காருக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த ஊரிலும் அதே கேள்வி. அதற்கடுத்த ஊரில் ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரத்தைக் காட்டினால், காவல்காரரிடம் போய், "நீங்க ஏதாவது வாசிப்பீங்களா? கொம்பு, கிம்பு?" என்று கேட்கிறாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, எழுதிய அறிமுகத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

"'நகர மாநிலங்களை விட்டுவிட்டால், ஸார்லாண்ட் ஜெர்மனியின் மிகச் சிறிய மாநிலம். நிலக்கரியாலும் இரும்பாலும் வாழ்ந்த இம்மாநிலம், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே பலமுறை கைமாறியது...'"

"இது அறிமுகமா, இரங்கல் செய்தியா?"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிக்கும்போது கட்டை விரலால் பிடரியைச் சொறிந்துகொண்டாள். "எனக்கே பிடிக்கல அக்கா. முதல் வரி வரவே மாட்டேங்குது. ஒரு இடத்தைப் பத்தி எழுதணும்னா, அங்க நமக்கு ஏதாவது இருக்கணும்ல?" என்றாள்.

இரவு எர்வினிடம் சொன்னேன். "பால்ட்ஸ்காரங்க அனுப்பின உளவாளியா இருக்கும்" என்றார் அவர்.

"பேண்டு வாத்தியத்துல என்னய்யா உளவு?"

"அதான் எனக்கும் புரியல. புரிஞ்சுட்டா அது உளவே இல்லையே."

அவருக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தால் சாப்பாடு இறங்காது. எதற்காக ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்து, ஆற்றை விட்டுவிட்டுக் கிழவர்களின் முகத்தைப் பார்க்கிறாள்?

மூன்றாம் நாள் மதியம், கேட்காமலே பதில் வந்தது. பட்டாணி சூப் வைத்திருந்தேன். அவள் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, என் கிண்ணத்தில் மேகி பாட்டிலைக் கவிழ்த்தேன். நூடுல்ஸ் இல்லை, அதே பெயரில் வரும் கறுப்புச் சாறு. நாங்கள் அதைச் சூப்பிலும் ஊற்றுவோம், முட்டையிலும் ஊற்றுவோம், ஆள் பார்க்காத நேரத்தில் ரொட்டியிலும் ஊற்றுவோம். வீப்கே அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி? உப்பு ஜாஸ்தியா?"

"அம்மா சொல்லுவா. 'பட்டாணி சூப்லகூட அந்தக் கறுப்புத் தண்ணிய ஊத்தி நாசம் பண்ணுவான் அந்த மடையன்'னு. எந்த மடையன்னு கேட்டா பேச்சை மாத்திடுவா."

பிறகு எல்லாம் கொட்டினாள். அவளுடைய அம்மா வடகடலில் போர்க்கும் என்ற தீவில், நுரையீரல் நோயாளிகள் காற்று வாங்க வந்து தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்த்தவள். எழுபத்து நான்காம் வருடக் கோடையில் அங்கே ஓர் இளைஞன் வந்திருந்தான். நிலக்கரித் தூசி தின்ற நெஞ்சு. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டான். மறு வசந்தத்தில் வீப்கே பிறந்தாள். அம்மா கடைசிவரை யாரென்று சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, கையைப் பிடித்து மூன்று வார்த்தை சொன்னாளாம். எட்கார். கொம்பு. ஸார்லாண்ட்.

"இந்தப் புஸ்தக வேலைய யாரும் எடுத்துக்க மாட்டேன்னாங்க. நான் கெஞ்சி வாங்கினேன். வந்து பாத்தா, ஒரு ஊரு விடாம பேண்டு இருக்கு, ஒரு பேண்டு விடாம எட்கார் இருக்கான்."

"கறுப்புச் சாறு ஊத்துறவன்னு தேடினா இன்னும் மோசம். பத்து லட்சம் பேரு தேறுவோம்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா, அவருக்குக் குடும்பம் இருக்கும். பேரப்பிள்ளைங்க இருக்கும். நான் போய் நின்னு எதையும் கெடுக்க விரும்பல. 'நீ யாரு, எனக்குத் தெரியாது'ன்னு அவர் சொல்லிட்டா என்னால தாங்கவும் முடியாது. தூரத்துல நின்னு ஒரே தடவை பாக்கணும். அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

சொல்லவும் இல்லை. கேட்டேன், அவ்வளவுதான். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனபோது, பேக்கரி நடத்தும் என் ஒன்றுவிட்ட தங்கை கிஸேலாவிடம், ஏதோ நினைவு வந்தவள்போல, "ஏய், எழுபத்து நாலுல சுரங்க பேண்டுலேர்ந்து நெஞ்சு வலின்னு வடகடலுக்குப் போனது யாருடி? எட்கார்னு பேரு" என்றேன்.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள் கிஸேலா. அவளுடைய கை ரொட்டியின் மேல் அப்படியே நின்றது. கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நொடியே தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

அன்று மதியத்துக்குள் என் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒருத்தி கேக் கொண்டுவந்தாள், ஒருத்தி போன வருடம் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், ஒருவர் ஏணி கேட்டு வந்தார். எல்லோரும் மாடிப் படியையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். "அப்புறம்?" என்பதுதான் எங்கள் வணக்கம், எங்கள் நலமா, எங்கள் போய்வருகிறேன். அன்று அந்த 'அப்புறம்' ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வீப்கே அன்று இரும்பாலை அருங்காட்சியகம் பார்க்கப் போயிருந்தது என் நல்ல காலம்.

மாலை தொலைபேசி அடித்தது.

"மார்லீஸா? இர்ம்கார்ட் பேசறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், எட்கார் பாக்கெஸ் வீடு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை எங்க வீட்டுல இறைச்சி சுடறோம். நீயும் எர்வினும் வாங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா."

"எந்தப் பொண்ணு?"

"மார்லீஸ், நானும் இந்த ஊருலதான் பொறந்தேன். உன் மாடியில வடக்கத்திப் பொண்ணு. முப்பத்தெட்டு வயசு. எங்க வீட்டுக்காரர் போர்க்கும் போனது எழுபத்து நாலு. எனக்குக் கணக்கு வராதா?"

நான் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"அங்க ஒருத்தி இருந்தான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு. கடிதம் மேல கடிதம் போட்டாரு. பதில் வரல. புள்ளை இருக்குன்னு மட்டும் இவருக்குத் தெரியாது. முந்தாநேத்துவரைக்கும் இல்ல, இன்னைக்கு மதியம்வரைக்கும் தெரியாது. கிஸேலா கடைக்குப் போயிட்டு வந்து நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வரட்டும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பின்கட்டுக்குப் போனாரு. இருபது வருஷமா தொடாத கொம்பை எடுத்துத் துடைச்சாரு. அப்புறம் இறைச்சிய ஊறப் போட்டாரு. எட்டுப் பேருக்குன்னு நெனச்சேன். நாப்பது பேருக்கு இருக்கு."

நான் வைத்துவிட்டுத் திரும்பினால், வீப்கே கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் வலித்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல வீப்கே. கேட்டேன், அவ்வளவுதான்."

"இங்க கேட்டா, சொன்ன மாதிரிதானா?"

"ஆமாம்."

"அப்ப பயணிகளுக்கு முதல்ல அதைத்தானே எழுதி வைக்கணும்! ஆறும் காடும் யாருக்கு வேணும்?"

மாடிக்கு ஏறிப் போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் படியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, பெரிய வெட்கம். ஒரு பெண் முப்பத்தெட்டு வருடமாகத் தேடியதை நான் ஒரு ரொட்டிக் கடையில் அரை நிமிடத்தில் தெருவில் விட்டுவிட்டேன். எர்வின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேலே கதவு திறந்தது.

"அவர் என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலையாம். இறைச்சி ஊறப் போட்டிருக்காராம்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். "தெரியலடி. வேணாம்னு நெனக்கிறவன் நாப்பது பேருக்கு ஊறப் போட மாட்டான். ஆனா சனிக்கிழமைன்னா இங்க எல்லாருமே ஊறப் போடுவாங்க" என்றேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "புஸ்தகம் எழுதறவளா வரேன். இறைச்சி சுடறதைப் பத்தி எழுத. அவர் எதுவும் பேசலன்னா, நானும் பேசாம அப்படியே ரயிலுக்குப் போயிடுவேன். பெட்டிய கார்லயே வச்சிடுங்க" என்றாள்.

சனிக்கிழமை பெட்டியோடுதான் போனோம்.

நாங்கள் இறைச்சி சுடுவது மற்றவர்கள் சுடுவதுபோல் இல்லை. மூன்று காலுள்ள உயரமான இரும்புத் தாங்கி. உச்சியிலிருந்து சங்கிலி. சங்கிலியில் வட்டமான கம்பி வலை. கீழே பீச் என்ற காட்டு மரத்தின் விறகுத் தீ. வலையின் மேல் மசாலாவில் ஊறிய பன்றிக் கழுத்து இறைச்சி. சுடுகிறவர் பக்கத்தில் நின்று ஒரு கையால் அந்த வலையைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருப்பார். தாங்கிக்கும் ஷ்வெங்கர் என்றுதான் பெயர், இறைச்சிக்கும் அதே பெயர், ஆட்டுகிறவருக்கும் அதே பெயர். சட்டம் ஒன்றே ஒன்றுதான். இறைச்சி மேலே இருக்கும்வரை கை நிற்கக் கூடாது. நின்றால் கருகும். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கொட்டகை தீப்பிடித்தபோது எர்வின் எங்கள் எல்லோரையும் வாளியோடு அனுப்பிவிட்டு, தான் மட்டும் நின்று ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இறைச்சியைக் கருக விட்டவன் என்று பெயர் எடுத்தவன் எங்கள் ஊரில் தலை நிமிர முடியாது, அவன் பேரனும்கூடக் கொஞ்சம் குனிந்துதான் நடக்க வேண்டும்.

எட்கார் தோட்டத்தின் நடுவில் தீயருகே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். நீலச் சட்டை. நாங்கள் வந்ததும் தலையைக்கூடத் திருப்பவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் நாற்பது பேர். அந்த நாற்பது பேரும் எதுவும் தெரியாததுபோல் நடித்தார்கள். அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கிஸேலா உருளைக்கிழங்கு சாலட்டை மூன்றாம் முறை கிளறிக்கொண்டிருந்தாள். ஏணி கேட்டு வந்தவர் வானிலையைப் பற்றிப் பேசினார். வீப்கேயின் கையில் பியரைக் கொடுத்தார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், தும்மினால் வாழ்த்தினார்கள். ஆனால் ஒருவர்கூட அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பால்காரர் முதல் பாதிரியார் வரை வாரம் முழுக்க அவளைக் கேட்டுத் துளைத்த கேள்வி, அன்று அந்தத் தோட்டத்தில் யார் வாயிலும் வரவில்லை.

இர்ம்கார்ட் வந்தாள். வீப்கேயை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒல்லியா இருக்க. நிறையச் சாப்பிடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு தட்டைக் கையில் திணித்தாள்.

வீப்கே தட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தீயருகே போனாள். நான் நான்கடி தள்ளி நின்றேன். காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"நான் ஒரு பயணப் புஸ்தகம் எழுதறேன். இது என்ன விறகுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பீச்."

"எவ்வளவு நேரம் சுடணும்?"

"வேகறவரைக்கும்."

"மசாலாவுல என்ன போடுவீங்க?"

"அதைச் சொல்ல மாட்டோம்."

அவர் தீயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கையால் ஆட்டிக்கொண்டு, வலது கைக் கட்டை விரலால் பிடரியைச் சொறிந்துகொண்டார். நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். வீப்கே அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தாள்.

"நன்றி. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

வலை போய் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். போகலாம் என்று கண்ணாலேயே சொன்னாள். கார் சாவி என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது எனக்கு.

அப்போதுதான் தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு லோதார் வந்தார். இர்ம்கார்டின் தங்கை கணவர். பால்ட்ஸ்காரர். கையில் அவர்கள் ஊர் ஒயின் இரண்டு பாட்டில். அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் அவரிடம் நாங்கள் எதையுமே சொல்வதில்லை.

"அப்புறம்? எல்லாரும் ஏன் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். கண்ணைச் சுழற்றினார். வீப்கேயிடம் வந்து நின்றது. இருபது வருடமாக எங்களோடு பழகி எங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதைக் காட்டிக்கொள்ள அவருக்கு எப்போதும் ஆசை. "இது யாரு? புதுசா இருக்கே! யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?"

கிஸேலாவின் கரண்டி கிண்ணத்தில் நின்றது. நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினோம்.

வீப்கேயின் முகம் வெளிறிப்போனது. வாரம் முழுக்கச் சொன்ன பதிலைத்தான் சொல்லப் போனாள். "யாரு வீட்டுப்..."

சங்கிலிச் சத்தம் நின்றது.

எட்காரின் கை வலையைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தது. அவர் தீயை விட்டுத் திரும்பி, முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். நெஞ்சுக்குள் அந்தப் பழைய தூசி கரகரத்தது.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றார்.

கொழுப்பு தீயில் சொட்டி வெடித்தது. புகை கிளம்பியது. யாரும் அசையவில்லை. அறுபது வருடமாக இறைச்சி சுட்டுப் பழகிய ஆட்கள் அங்கே இருந்தார்கள், ஒருவரும் வலையைத் தொடவில்லை. அவர் இரண்டாம் முறையும் சொன்னார், இந்த முறை லோதாருக்கு இல்லை, அவளுக்கு.

"எங்க வீட்டுப் பொண்ணு நீ. எனக்குத் தெரியாம போச்சும்மா. தெரியாம போச்சு."

வீப்கே தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

அன்று நாங்கள் தின்றது இறைச்சி இல்லை, கரி. வெளியே கட்டையாக, உள்ளே செருப்புத் தோலாக இருந்தது. நாற்பது பேரும் கடித்து, மென்று, விழுங்கி, அருமை என்றோம். எர்வின் இன்னொன்று கேட்டு வாங்கினார். பெட்டி காரிலேயே கிடந்தது. மறுநாள்தான் போய் எடுத்து வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாக்கெஸ் வீட்டில் இறக்கினேன்.

அடுத்த வசந்தத்தில் புத்தகம் வந்தது. நான்கு பக்கம், ஆனால் தனி அத்தியாயம். பால்ட்ஸ் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஆற்று வளைவு இரண்டு வரியில் இருந்தது. சுரங்கத்துக்கு ஒரு பத்தி. அறிமுகத்தின் முதல் வரி மட்டும் இப்படி இருந்தது: 'இந்த மாநிலத்தில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் இறைச்சி கருகியிருக்கலாம். காரணம் கேட்காமல் சாப்பிடுங்கள்.'

மாநிலமே கொதித்தது. வானொலியில் அரை மணி நேரம் அதுவே பேச்சு. நாங்களா கருக விடுகிறோம்? எங்களிடமா இப்படிச் சொல்வது? பேக்கரியில் வரிசையில் நின்றவர்கள் புத்தகத்தை மேசையில் அடித்து, கிஸேலாவைக் கேட்டார்கள்.

"எந்த மடையன்டி இவளுக்குக் கருகினதைப் போட்டது? உனக்குத் தெரியாம இருக்காது. யாருன்னு சொல்லு!"

நான் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். கிஸேலா என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு ரகசியத்தையும் ராத்திரிவரை வைத்திருந்தது இல்லை. ரொட்டியை நிதானமாகத் தாளில் சுற்றினாள்.

"யாரோ பால்ட்ஸ்காரனா இருக்கும்" என்றாள்.